விரிசல் தூங்குகிறது

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் தெருவில் யாரும் தும்மவில்லை. தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, லாரிச் சத்தத்தோடு சத்தமாகத் தும்மிவிட்டு, ஒன்றும் நடக்காதவர்கள்போலத் திரும்பி வந்தார்கள். பழைய பேப்பர் வாங்குகிறவன் கூவுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று கையால் தராசு பிடித்துக் காட்டினான். நாய்கள் குரைக்கவில்லை. முறைத்ததோடு சரி.

எல்லாம் கண்ணாடிக்காரர் வீட்டு விரிசலுக்காகத்தான்.

அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிர். கீழே கடை, மேலே குடித்தனம். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கல்யாணப் படம், செத்தவர் படம், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் எதுவானாலும் அவர் கைபட்டு வந்தால் ஒரு மரியாதை வந்துவிடும். பெரிய கண்ணாடித் தகட்டை மேசைமேல் படுக்கவைத்து, வைரமுனைப் பேனாவால் ஒரே இழுப்பு. பிறகு அடியில் இரண்டு விரலால் ஒரு தட்டு. தகடு சொன்ன இடத்தில் பிரியும். அதோடு விடமாட்டார். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, வெட்டின ஓரத்தைக் குழந்தையின் நகம்போல வழவழப்பாகும்வரை தீட்டுவார். சட்டத்துக்குள் மறைந்துபோகிற ஓரத்தை எதற்குத் தீட்டுகிறீர்கள் என்று கேட்டால், "நீங்க சட்டைக்குள்ள மறையுதுன்னு முதுகு தேய்க்காம குளிப்பீங்களா?" என்பார்.

மேலே அவரும் அவர் மனைவியும் மனைவியின் அண்ணனும். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். சரீரம் பெரிது. முழங்கால் இரண்டும் போய்விட்ட பிறகு அவரைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்கெட்டிலிருந்து சுமைதூக்கும் ஆட்கள் வந்து, பீரோவை ஏற்றுவதுபோலக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். எப்படி இறக்குவது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. ஏற்றின சந்தோஷத்தில் எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டை ஒட்டி ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதை இடித்துப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழை பிடித்ததும் பள்ளம் குளமானது. இத்தனை வருஷமும் கிடங்கின் தோளில் சாய்ந்தே நின்று பழகிய கண்ணாடிக்காரர் வீட்டுப் பக்கச்சுவர் முதன்முறையாகத் தன் காலில் நிற்கவேண்டி வந்தது. மாடியில் கண்டக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு கிளம்பியது. அப்புறம் ஒரு நாள் மாடி விளிம்பிலிருந்து காரைக்கட்டி ஒன்று விழுந்து, கீழே நிறுத்தியிருந்த சைக்கிளை எட்டு வடிவமாக்கியது. சைக்கிள்காரன் நகராட்சிக்குப் போனான். ஓவர்சியரம்மா வந்தாள்.

நடுவயதுக்காரி. கையில் குடை, காலில் சேறு. ஊரிலுள்ள சாய்ந்த வீடுகளெல்லாம் அவள் பொறுப்பில்தான் சாய்ந்துகொண்டிருந்தன. விரிசலில் விரலை ஓட்டினாள். சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். கண்ணாடிக்காரர் டாக்டர் முன்னால் நிற்கிறவர்போல நின்றார்.

"இடிக்கப் போறீங்களா மேடம்?"

"நான் வீட்டை இடிக்க வரல சார். வீடு தானா விழறதுக்கு முன்னாடி ஆளுங்களை இறக்க வந்தேன். ஆனா எல்லா விரிசலும் வீட்டைத் தள்ளாது. சில விரிசல் அது பாட்டுக்குத் தூங்கும். நூறு வருஷம்கூடத் தூங்கும். சிலது முழிச்சிக்கிட்டு இருக்கும். இது தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்கணும்."

"எப்படிப் பாப்பீங்க?"

பையிலிருந்து விரல் அகலத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்தாள். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் வெள்ளைச் சிமெண்டால் ஒட்டினாள். ஈரத்தில் ஒரு குச்சியால் தேதியைக் கீறினாள்.

"சுவர் நகர்ந்தா இது டப்புனு உடையும். உடைஞ்சா எனக்குச் சொல்லியனுப்புங்க. அப்படியே எல்லாரும் இறங்கிடுங்க. சாமான் எடுக்கறேன், சட்டி எடுக்கறேன்னு நிக்காதீங்க. உடையலைன்னா தூங்குதுன்னு அர்த்தம். நான் நடுவுல வந்து பாக்கறேன்."

அவள் சொன்னது இவ்வளவுதான். அவள் படியிறங்கிப் போன பிறகு கண்ணாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"கேட்டியா? தூங்குதாம். எழுப்பிடாதே."

அந்தம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்றைக்கே குக்கர் பரணுக்குப் போனது. பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தாள், அதுவும் கொதி வந்தால் இறக்கிவிடுவாள். கடுகைப் பொரியவிடாமல் எண்ணெயில் காட்டி எடுத்தாள். உரலும் அம்மியும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவள் மிளகாய் அரைக்க வரும்போது எங்கள் வீட்டிலும் ரகசியக் குரலில்தான் பேசுவாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய், கட்டில் கால்களுக்குத் துணி. அவள் பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தது. இதை நானே பார்த்தேன்.

பெரிய தொல்லை கண்டக்டரின் குறட்டை. அந்த மனிதர் வேலையிலிருந்த காலத்தில் கடைசி சீட்டில் கண்ணயர்ந்தால் பஸ் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பார்கள். தங்கை விளக்குமாற்றுக் குச்சியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, குறட்டை கிளம்பும்போதெல்லாம் விலாவில் ஒரு குத்து விடுவாள்.

"ஏம்மா, அந்த விரிசல் தூங்கணும்னு என் தூக்கத்தைக் கெடுக்கறியே. நான் உன் கூடப்பிறந்தவனா, அது உன் கூடப்பிறந்ததா?"

"மெதுவாப் பேசுண்ணே."

"மெதுவாத்தான் பேசறேன். என் மெதுவே இப்படித்தான்."

தெருவுக்கும் இது பரவிவிட்டது. வீடு சாய்ந்தால் தெருமேலும்தானே சாயும். அதனால்தான் தும்மலை அடக்கினோம்.

கண்ணாடி உடைந்தது.

சாயங்காலத்தில் அந்தம்மா கொடியிலிருந்து ஈரத்துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். விரலைச் சொடுக்கினதுபோல ஒரு சின்னச் சத்தம். திரும்பினால் கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. அவள் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே கடைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் நுனிக்காலில், பூனைமாதிரி.

"என்னங்க, உடைஞ்சிடுச்சு."

அவர் மேலே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஆழ்ந்த தொழில் அபிப்பிராயம் சொன்னார்.

"மட்டமான சரக்கு."

"ஓவர்சியரம்மாவுக்குச் சொல்லணும்."

"என்னன்னு சொல்றது? கவர்மெண்டுக்கு யாரோ மூணாந்தரக் கண்ணாடியை வித்துட்டாங்கன்னா? கண்ணாடின்னா உடையத்தான் செய்யும். என் கடையில தினம் ஒண்ணு உடையுது. தினம் நான் வீட்டைக் காலி பண்ணவா?"

"அவங்க சொன்னாங்களேங்க. உடைஞ்சா இறங்கிடுங்கன்னு."

அவர் கட்டில் பக்கம் கண்ணைக் காட்டினார். குரலை இன்னும் இறக்கினார்.

"எப்படி இறங்குறது? சொல்லு. நீயும் நானும் இறங்கிடலாம். உங்க அண்ணனை? அந்தப் படி தாங்குமா? பாதியில மாட்டிக்கிட்டா மேலயும் போகாது, கீழயும் வராது. கீழே தகடு பூரா சுவர்ல சாத்தி வெச்சிருக்கேன். ஒண்ணு சரிஞ்சா எல்லாம் போச்சு. கடையைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"பயமா இருக்குங்க."

"பயப்படு. சத்தமில்லாமப் பயப்படு."

அன்றைக்கு அவர் ஒரு துண்டு வெட்டினார். ஓரம் தீட்டினார். வெள்ளைச் சிமெண்ட் குழைத்து ஒட்டினார். படங்களுக்குக் கீழே பேர் எழுதிப் பழகின கை, ஓவர்சியரம்மாவின் தேதியை அதே சாய்வோடு கீறிவிட்டது. கண்டக்டர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, செக்கிங் வந்தா மாட்டிக்குவ."

"நீங்க சும்மா இருந்தா மாட்டிக்கமாட்டேன்."

ஓவர்சியரம்மா வந்தாள். வாசற்படியிலிருந்தே கண்ணாடி முழுசாக இருப்பதைப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். அடுத்த தெருவில் ஒரு பால்கனி தொங்கிக்கொண்டிருந்ததால் உடனே போய்விட்டாள். கண்ணாடிக்காரர் அன்றைக்கு ரேடியோவைப் போட்டுச் சத்தமில்லாமல் கேட்டார்.

மழை நிற்கவில்லை. பள்ளத்துத் தண்ணீர் சுவரடியை நக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடி உடைந்தது, மாற்றினார். உடைந்தது, மாற்றினார். முதலில் ஒவ்வொரு துண்டும் நாள் கணக்கில் தாங்கியது. பிறகு காலையில் ஒட்டினது மாலைக்குள் போனது. மாடிக் கதவு திறந்தபடியே இறுகி நின்றுவிட்டது. தரையில் விழுந்த எலுமிச்சம்பழம் தானாகப் பள்ளத்துப் பக்கம் உருண்டு சுவரோரம் போய் நின்றது. அந்தம்மா அதை எடுத்து வைப்பாள், மறுபடி உருளும். கடைசியில் எடுக்காமல் விட்டுவிட்டாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டு அம்மியில் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், தெருவைத் தாண்டிக் காது போய்விடும்.

"கேக்குதா?" என்பாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"டிக்குனு. அதோ." எழுந்து வாசலுக்கு வந்து தன் வீட்டை அண்ணாந்து பார்ப்பாள். "தனக்குள்ளயே சொடக்குப் போட்டுக்குது. யாரையோ கூப்பிடற மாதிரி."

"அவர்கிட்ட சொல்லு" என்றேன்.

"சொன்னா வாயில விரலை வெக்கிறாரு. அவருக்கும் தெரியும். தெரியலைன்னா எதுக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போறப்பல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கறாரு?"

கண்டக்டர்தான் முதலில் அதைச் சொன்னார். பகல் சாப்பாட்டுக் கஞ்சியைத் தங்கை கொண்டுவந்து வைத்தபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"உள்ள யாரு அரிசி கொட்டறாங்க?"

"எங்கண்ணே?"

"சுவருக்குள்ள. சரசரன்னு. ராத்திரி பகல்னு இல்லாம கொட்டறாங்க. கொஞ்சம் நிறுத்தறாங்க. திரும்பக் கொட்டறாங்க."

அவள் காதை வைத்தாள். சுவருக்குள்ளே மணல் ஓடிக்கொண்டிருந்தது. விரிசலின்மேல் விரலை வைத்தாள். மறுபுறத்துக் காற்று விரல் நுனியில் குளிர்ந்தது.

"இதுவழியா ஒரு காக்கா தெரிஞ்சுதும்மா," என்றார் அண்ணன். கேலி செய்கிற குரல் இல்லை அது. "சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த காக்கா."

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் ஓவர்சியரம்மா மறுபடி வந்தாள். வெயில் வந்தால் நல்லது என்று நாங்கள் நினைத்தோம். ஈரத்தில் ஊறின மண்சுவர் காயும்போதுதான் உதிரும் என்பது அவளுக்குத் தெரியும். அவசரமாகவே மாடியேறினாள். நானும் பின்னால் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான் போனேன்.

கண்ணாடி பளபளவென்று முழுசாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். முகத்தில் நிம்மதி வந்தது, வந்தபடியே நின்றது. விரலை நீட்டிக் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினாள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை.

"என்ன வழவழன்னு இருக்கு," என்றாள். "உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியைத் துண்டு போட்டுத்தான் நாங்க ஒட்டுவோம். இதை யார் தீட்டினது?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் அவர் தீட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்து வழவழப்பு என்று சொன்னது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"தீட்டாம விட்டா கையைக் கிழிக்கும் மேடம். தொழில்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

சுவருக்குள்ளே அரிசி கொட்டுவது நன்றாகக் கேட்டது.

"எத்தனை மாத்தினீங்க?"

"ஒண்ணுதான் மேடம். அதுவும் கைதவறி..."

"பொய்யி," என்றார் கண்டக்டர் கட்டிலிலிருந்து. "டிக்கெட் கிழிக்கற மாதிரி கிழிஞ்சுது. இன்னிக்குக் காலையில மட்டும் ரெண்டு."

ஓவர்சியரம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். முதன்முறை வந்தபோது தட்டிப் பார்த்தவள் இப்போது தட்டவில்லை. கையை மெதுவாக எடுத்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவளும் எங்களைப்போலவே ரகசியமாகப் பேசினாள்.

"எல்லாரும் இறங்குங்க. இப்பவே. மெதுவா. இந்தச் சுவர்ப் பக்கம் யாரும் வராதீங்க."

"மச்சானை..." என்றார் கண்ணாடிக்காரர்.

"அவர்தான் முதல்ல."

இறுகிப்போன மாடிக்கதவைக் கீலோடு கழற்றினோம். அதிலேயே கண்டக்டரைப் படுக்கவைத்துக் கட்டினோம். ஓவர்சியரம்மா கூட்டிவந்த ஆட்கள் இரண்டு பேர், தெருமுனையிலிருந்து கூப்பிட்ட டீக்கடைக்காரர், கண்ணாடிக்காரர், பேருக்கு நான். ஒரு படி இறங்கினால் ஒரு நிமிஷம் நின்றோம். படியில் தூசி விழுந்தது. கண்டக்டரின் மார்பிலும் நெற்றியிலும் பொடிப்பொடியாக விழுந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை, கட்டியிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு தன் வாழ்நாள் வேலையை அவர் பார்த்தார்.

"படியில கூட்டம் சேராதீங்க. முன்னாடி இருக்கறவங்க இறங்கட்டும். பின்னாடி இருக்கறவங்க அவசரப்படாதீங்க. எல்லாரையும் இறக்கித்தான் வண்டி எடுப்பேன்."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எங்களில் ஒருவர் கதவை விட்டுவிட்டு ஓடியிருப்போம். அந்த ஒருவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை.

வெளியே வந்துவிட்டோம். கண்டக்டரைத் தெருமுனை டீக்கடை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்தார்கள். ஓவர்சியரம்மா தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டினாள். எதிர்வரிசை வீடுகளையும் காலி செய்ய வைத்தாள். எங்கள் வீட்டிலிருந்து உரலும் அம்மியும் தவிர எல்லாரும் வந்துவிட்டோம். தெருவே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வீட்டைப் பார்த்தது.

வீடு விழவில்லை.

வெயில் ஏறியது. மாடிக்கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. டீ ஒரு சுற்று முடிந்தது. கூட்டத்தில் ஒருவன், "இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான், ரகசியமாகத்தான். சட்டத்துக்குள் வைக்கலாம்போல அவ்வளவு நேராக நின்றது வீடு.

"பாத்தியா? நிக்குது," என்றார் கண்ணாடிக்காரர் மனைவியிடம். "அந்தப் பொம்பளை பேச்சைக் கேட்டு..."

"பேசாம இருங்க."

"அந்தப் பெரிய தகடு வாசல்பக்கம்தான் இருக்கு. கல்யாணப் படம் ஒண்ணு முடிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும்."

அவர் பேசாமல் இருந்தார். அதைத்தான் அவள் நம்பியிருக்கக் கூடாது. ஓவர்சியரம்மா முதுகைக் காட்டி நின்று போனில் தீயணைப்பு வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தம்மா அண்ணன் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் புருஷன் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கடைக்குள்ளே அவர் தெரிந்தார். முதுகு தெரிந்தது. சாக்கை விரித்து எதையோ சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்றாள்.

அது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மழைக்காலம் முழுவதும் ரகசியமாகப் பேசிப் பேசித் தொண்டைக்குள் குரல் படுத்துவிட்டிருந்தது. "என்னங்க, வந்துடுங்க." காற்றுதான் வந்தது. மாடி விளிம்பிலிருந்து மண் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடு, பிறகு மூட்டை அவிழ்ந்ததுபோல ஒரு திரை. கொடியில் காய்ந்த துண்டு தானாகச் சாய்ந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை. தெரு மொத்தமும் வாயைத் திறந்தபடி நின்றது, ஒருத்தருக்கும் வரவில்லை. அவ்வளவு நன்றாக நாங்கள் பழகியிருந்தோம்.

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? மெயின் ரோட்டில் லாரிகள் நின்றன. மூன்று தெரு தாண்டிப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டதென்று பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வார்த்தை ஒன்றும் இல்லை அதில். இத்தனை நாளும் விழுங்கினதெல்லாம் ஒரே சத்தமாக வந்தது.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த சாக்கைப் போட்டார். அவர் பயந்து ஓடி வரவில்லை. கோபத்தில் வந்தார். கண் சிவந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"அறிவிருக்காடி உனக்கு? இப்படியா கத்துவ? அது முழிச்சி..."

பக்கச்சுவர் மடங்கியது. மாடி அதன்மேல் உட்கார்ந்தது. உள்ளே சாத்தியிருந்த தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் போன சத்தத்தை நான் இதுவரை எதற்கும் ஒப்பிட முடியவில்லை. பிறகு தூசி. யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. இருமல்கள் மட்டும் கேட்டன, பிறகு, தெருவே மறந்துபோயிருந்த தும்மல்கள்.

தூசி அடங்கியபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. விரல் இன்னும் உதட்டிலிருந்தது. அவர் சட்டையை மனைவி இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தாள், பித்தான்கள் தெறித்திருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தைரியமில்லை. பாதியில் நின்ற வார்த்தையை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டுமே என்பதுபோல, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில், மெதுவாக முடித்தார்.

"...க்கும்."